சொந்தக்காரர் வராத யூனியன்

“சொந்தக்காரருக்கு வேலை செய்யக்கூடாது எண்டு எந்த இடத்திலையடி சட்டம் இருக்கு? நான் அங்கை போய்ப் பதியிறன்.”

மல்வேர்னிலிருந்து புறப்பட்ட காலை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் கேட்டாள். எலக்ட்ரீஷியன் பரீட்சை பாஸ் பண்ணிப் புதிதாக லைசென்ஸ் எடுத்தவள் என்பது பேச்சில் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவள் கூடப் படித்த சிநேகிதி. இருவர் காலிலும் சேறு காய்ந்த வேலைச் சப்பாத்து.

“சொந்தமா கொன்ட்ராக்டராப் பதியன்.”

“பதிஞ்சா ரூஜ் பக்கம் இருக்கிற சொந்தக்காரற்றை பேஸ்மென்ற் வயறிங் எல்லாம் என்ரை தலையிலைதான். ‘பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உந்தக் கரண்ட் வேலை’ எண்டு கேட்ட மாமாதான் முதல் ஆளாப் போன் எடுத்தவர். பேர்மிற் வேண்டாமாம், இன்ஸ்பெக்ரர் வேண்டாமாம், பிள்ளை வந்தாக் காணுமாம்.”

“அப்ப யூனியனிலை சேர். யூனியனுக்கு வெளியிலை தனி வேலை செய்ய விடமாட்டினம். சரியான ஸ்ரிக்ற்.”

“அதுதான் எனக்கு வேணும்.”

யூனியனில் சேருகிறவர்கள் சம்பளத்தையும் பென்சனையும் விசாரிப்பார்கள் என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன்.

சிநேகிதி சிரித்தாள். “எடியே, மாமா உதுக்கு அடங்குவாரே? ‘பிள்ளை, ஆர் யூனியனுக்குச் சொல்லப் போகினம்’ எண்டு கேப்பார்.”

“நான் சொல்லுவன்.”

“மாமாவைப் பற்றியோ?”

“சீ, மாமாவைக் காட்டிக் குடுத்தாச் சொந்தம் விட்டுப் போயிடும். என்னைப் பற்றி நானே கொம்பிளெயின்ற் குடுப்பன். அதுக்கு ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்.”