தள்ளுபடி குறையும் வரை

வட்டி குறைந்தால் முதலில் ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் தூக்கம் போகும். ஆறு வருடமாக முதலீட்டு ஆலோசகராக இருக்கிறேன். உள்ளே வருகிறவர் முகத்தைப் பார்த்தே எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

என் சித்தப்பாவும் அப்படித்தான் வந்தார். அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் பிழை திருத்தியவர்.

"பேங்க்ல போட்டா காத்துதான் வருது. மாசாமாசம் கையில ஏதாவது விழற மாதிரி செய்ம்மா. நம்ம குடும்பத்துல படிச்சவ நீ ஒருத்திதான்."

"ரிஸ்க் இருக்கு சித்தப்பா."

"ரிஸ்க்கெல்லாம் உன்னைக் கட்டிக்கப் போறவனுக்குத்தான்" என்று அவரே சொல்லி அவரே சிரித்தார்.

மூடிய நிதி ஒன்றைக் காட்டினேன். தொடங்கும்போது யூனிட்டுகளை விற்றுக் கதவைச் சாத்திவிடுவார்கள். பிறகு பணம் வேண்டுமென்றால் சந்தையில் யாராவது அதை வாங்க வேண்டும். உள்ளே நூறு பெறுமான சொத்து இருக்கும். வெளியே எண்பதுக்குக் கேட்பார்கள். அந்த இருபதுதான் தள்ளுபடி.

மாத வருமானம், ஆண்டுக்கு ஒன்பது சதவீதம் என்ற வரியைப் பார்த்தபின் அவர் வேறெதையும் பார்க்கவில்லை. ஓய்வுத் தொகை முழுவதையும் அதில் போட்டேன். மாதாமாதம் வந்ததில் பாதிக்கு மேல் அவருடைய சொந்த முதல். அதைப் பிய்த்துப் பிய்த்து அவருக்கே கொடுத்தார்கள். அறிவிப்பில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஆயுள் முழுக்கப் பொடி எழுத்தில் பிழை பார்த்தவர் அதைப் படிக்கவில்லை. நானும் படித்துக் காட்டவில்லை.

முதல் தேதி காலை ஒன்பது மணிக்கு என் மேசைத் தொலைபேசி அடிக்கும்.

"வந்துடுச்சும்மா. உங்க சித்திகூட இப்பல்லாம் என்கிட்ட மரியாதையா பேசறா."

இரண்டாம் வருடம் நிதியின் விலை சரிந்தது. அதே மாதம் சித்தப்பாவின் குடலில் கட்டி என்றார்கள். இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்தாக வேண்டும். திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்தார். இடுப்பு வாரில் ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தார்.

"வித்துடும்மா. எவ்வளவு வந்தாலும் சரி."

கணக்குப் பார்த்தேன். அன்றைய விலைக்கு விற்றாலே ஆஸ்பத்திரிக்குப் போதும். கொஞ்சம் மிஞ்சவும் செய்யும்.

"இருபத்திரெண்டு சதவீதம் தள்ளுபடில போகுது சித்தப்பா. இப்ப வித்தா நஷ்டம். நாலு மாசம் பொறுங்க, தள்ளுபடி குறைஞ்சு விலை ஏறிடும்."

என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ சொன்னா சரி."

'நாலு மாசம் பொறுங்க' என்பது என் பேச்சு அல்ல. நான் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு. வீட்டில் இருந்த ஒரே பணம், அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கக்கூடிய வைப்புத்தொகை. "நாலு மாசம் பொறுண்ணே, இப்ப உடைச்சா வட்டி போயிடும்" என்றார் சித்தப்பா. அப்பா தலையாட்டினார். மூன்றாம் மாதம் போய்ச் சேர்ந்தார். சித்தப்பா கெட்டவர் இல்லை. வட்டி போய்விடுமே என்று உண்மையாகவே கவலைப்பட்டார்.

சித்தப்பா பத்து வாரம் தாக்குப்பிடித்தார். இலவச மருத்துவமனையில் பெயர் கொடுத்திருந்தார்கள், முறை வரவில்லை.

சித்தி புகார் எதுவும் கொடுக்கவில்லை. "நீ எவ்வளவோ பார்த்துப் பார்த்துதாம்மா செஞ்சே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். நானாகத்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். முதல் தேதிகளில் இப்போது விடுப்பு எடுத்துவிடுகிறேன். வீட்டில் கைப்பேசியை அணைத்து வைக்கிறேன். ஒன்பது மணிக்கு மணி அடிக்கிறது. எடுப்பதற்கு எதுவும் இல்லை. அடித்துக்கொண்டே இருக்கிறது.

பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். தள்ளுபடி குறையும் என்று நான் நம்பினேன். ஆறாம் மாதம் குறைந்தது, நீங்களே சரிபார்க்கலாம். ஆலோசனையில் தவறில்லை.

அதே நிதியில் எனக்கும் கொஞ்சம் யூனிட்டுகள் இருந்தன. சித்தப்பா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கிப்போகும் சத்தம் அடங்கியதும் அவற்றை விற்றேன். அதே இருபத்திரண்டு சதவீதத் தள்ளுபடிக்கு. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.