பாதை வரியில் என் இடம்

மாத்தே பானத்தில் சர்க்கரை போட்டுக் குடிப்பவர்களை நான் பெரிதாக மதிப்பதில்லை. சுல்மா பெந்தான்கோர் இரண்டு கரண்டி போடுவாள். நான் செய்ததற்கு அது காரணமில்லை, விசாரணைக் குழுத் தலைவர் அவர்களே. தப்பாக எழுதிக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஆற்றங்கரை ஊர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். ஏழு வருஷமாக அதைக் கவனித்துக்கொள்பவன் நெல்சன் எச்சேவெரி, அதாவது நான். 'ஃபார்மா' என்ற புரோகிராமையும் நானே எழுதினேன். நோயாளி பெயரையும் மருந்தையும் தட்டினால் சீட்டு அச்சாகும். ஒரு புகாரும் வந்ததில்லை.

பிறகு தலைநகர் மொந்தேவிதியோவிலிருந்து சுல்மா வந்து வேறொன்று எழுதினாள். நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தைத் தட்டினால் அது கத்தும், சீட்டு தராது. நர்ஸுகள் சிரமப்படக் கூடாதாம். அதனால் அதற்கும் 'ஃபார்மா' என்றே பெயர் வைத்து, திரையையும் என்னுடையதைப் போலவே அமைத்தாள். அவ்வளவு நல்ல மனசு.

"பழசை அழிச்சிடட்டுமா நெல்சன்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"இருக்கட்டும்மா, அவசரத்துக்கு உதவும்."

"சரி, இருந்துட்டுப் போகட்டும். வெறும் டைப்ரைட்டர்தானே அது!"

நர்ஸுகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்பதால் சொல்கிறேன். மெஷினைப் போட்டதும் அது முதலில் படிக்கும் கோப்பில் பாதை என்று ஒரு வரி உண்டு. புரோகிராம்களை வைக்கும் அறைகள், அதாவது டைரக்டரிகள், அதில் வரிசையாக நிற்கும். ஒரு பெயரைத் தட்டினால் அந்த வரிசைப்படி தேடும். முதலில் அகப்பட்டதை ஓட்டும். அடுத்ததை எட்டிக்கூடப் பார்க்காது. சுல்மா தன் டைரக்டரியை என்னுடையதற்கு முன்னால் செருகியிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாரும் சாப்பிடப் போனபோது என்னுடையதை முன்னால் கொண்டுவந்தேன். பணிமூப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா? திரை ஒன்றுபோல இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

முன்பெல்லாம் நர்ஸுகள் ஒவ்வொருவரிடமும் எந்த மருந்து ஆகாது என்று கேட்பார்கள். சுல்மா வந்தபின் நிறுத்திவிட்டார்கள். "அதான் மெஷின் கத்துமே, நாம வேற எதுக்குத் தொண்டைத்தண்ணி வத்தக் கேட்டுக்கிட்டு?" என்றாள் நர்ஸ் ரோஸ்மாரி. நான் மாத்தே ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சில் தலையிடுவது நாகரிகமாகப் படவில்லை.

நான் வரிசையை மாற்றிய பதினோராம் நாள், பள்ளிக்கூடச் சமையல்காரி எலிதா ஃபகுந்தெஸ் காலில் துருப்பிடித்த ஆணி குத்தி வந்தாள். டாக்டர் பெனிசிலின் எழுதினார். ரோஸ்மாரி தட்டினாள், சீட்டு அச்சானது. பெனிசிலின் ஆகாதவர்கள் பட்டியலை சுல்மாவுக்காகத் தட்டச்சு செய்து கொடுத்ததே நான்தான். எலிதா பதினேழாவது பெயர். இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் மெஷின் ஏன் கத்தவில்லை என்ற கேள்வி வரும். ஊசி போட்ட அரை மணியில் எலிதா இறந்துவிட்டாள்.

எல்லாரும் வார்டுக்கு ஓடியபோது அச்சான சீட்டை எடுத்துக்கொண்டு, வரிசையைப் பழையபடி மாற்றி, மெஷினை அணைத்து மறுபடி போட்டேன். உங்கள் நிபுணர்கள் வந்து சோதித்தார்கள். அருமையாகக் கத்தியது. சத்தம் கேட்டும், சீட்டு இல்லாமலே ரோஸ்மாரி ஊசி போட்டுவிட்டாள் என்று முடிவு கட்டினீர்கள். இப்போது சிறையில் இருக்கிறாள். அவள் கணவன் என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதான்.

"அண்ணே, மெஷின் கத்தவே இல்லன்னு அவ பிள்ளைங்க மேல சத்தியம் பண்றாண்ணே. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"மெஷின் பொய் சொல்லாது தம்பி" என்றேன். பாவமாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்லி மாத்தே கொடுத்து அனுப்பினேன்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். நீங்கள்தான் முடிக்க விடவில்லை. போன வாரம் வந்த உங்கள் அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில், 'சம்பவத்தன்று சுல்மா பெந்தான்கோரின் புரோகிராம் பிழையின்றி இயங்கியது. மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் பரிந்துரைக்கிறோம்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டும், ஐயா. அதனால்தான் நானாகவே வந்திருக்கிறேன்.

அன்றைக்கு ஓடியது அவளுடையது இல்லை, என்னுடையது. ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. தயவுசெய்து பெயரைத் திருத்திவிடுங்கள்.