இல்லாத குழந்தையை விசாரிக்க வந்தவர்

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல். இப்போதுதான் கண் மூடினான், இப்போதுதான் எனக்குக் கை கிடைத்தது. நாளைய கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. அதனால் மேடையில் நின்று பேச வேண்டியதை அப்படியே எழுதி அனுப்புகிறேன். தலைவர் ஐயா, உங்கள் கணீர்க் குரலில் நீங்களே இதை வாசிக்க வேண்டும். உங்களைப் பற்றி வருகிற வரிகளையும் தாண்டிப் போகாமல் வாசிக்க வேண்டும்.

அச்சகம் நடத்தி, ஊரார் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் அழைப்பிதழ் அடித்துக் கொடுத்து, இன்று எங்கள் அனைவரையும் ஒரே கூரையின் கீழ் அழைத்து அமர்த்தியிருக்கும் பெற்றோர் சங்கத் தலைவர் அவர்களே, இரண்டே அறைகளில் எங்கள் பிள்ளைகளின் பசியையும் தூக்கத்தையும் சண்டையையும் சமாதானத்தையும் கட்டிக் காக்கும் காப்பக அம்மா அவர்களே, பேரப்பிள்ளைகளை அழைத்துப்போக வந்து வாசலில் பொறுமையாகக் காத்திருக்கும் பெரியோர்களே, வேலையிலிருந்து ஓட்டமாய் ஓடிவந்து, மூச்சு வாங்குவதற்கு முன் பிள்ளையை வாங்கிக்கொள்ளும் தாய்மார்களே, "வண்டி நிறுத்த இடமில்லை" என்று சொல்லித் தெருவோடு நின்றுகொள்ளும் தந்தைமார்களே, கடைசி வரிசையில் கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவார்ந்த வணக்கம்.

இன்று உங்கள் முன்னால் ஒரே ஒரு தீர்மானம் இருக்கிறது. கண்ணாடிக்கடை அக்கா என்று நீங்கள் எல்லோரும் அன்போடு அழைக்கும் நம் சங்கச் செயலாளரைப் பதவியிலிருந்து நீக்குவது. குற்றச்சாட்டு என்ன? காசு கொடுத்து இணையத்தில் வாக்கு வாங்கினார். வாங்கினாரா? வாங்கினார். நான் மறுக்கிறேனா? மறுக்கவில்லை. பிறகு எதற்கு இத்தனை பக்கம்? அவரைப் புகழ்வதற்கு.

முன்வரிசையில் யாரோ, "அவங்க இவளோட நாத்தனார்தானே" என்று பக்கத்தில் சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. ஆமாம் அம்மா, என் கணவரின் உடன்பிறந்த அக்காதான். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். ஒருத்தி தன் நாத்தனாரைப் புகழ ஊர் கூட்டிப் பேசுகிறாள் என்றால் உங்களுக்குச் சந்தேகம் வருவது நியாயமே. எங்கள் இருவருக்கும் குக்கர் விசிலில் தொடங்கி, குழந்தைக்குக் காதை மூடிக் குல்லாய் போடுவதுவரை எதிலும் ஒத்துப்போனதில்லை. அது வேறு வழக்கு. இந்த வழக்கில் நான் அவர் பக்கம்.

நம் காப்பக வாசலை நினைத்துப் பாருங்கள். கதவைத் திறந்தால் நான்கடியில் சாலை. பாலத்தில் இருந்து இறங்குகிற வண்டிகள் வேகம் குறையாமல் திரும்புகிற முனை. மாலையில் நாம் எப்படி அதைக் கடக்கிறோம்? இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, தோளில் பை, பல்லிடுக்கில் சாவி. லாரிக்காரரைப் பார்த்துத் தலையாட்டுகிறோம், அவர் நம்மைப் பார்த்தாரா என்று தெரியாமலே கால் வைக்கிறோம். ஒரு விளக்கு கேட்டோம். நின்று போக ஒரே ஒரு சிவப்பு விளக்கு. தங்கம் கேட்டோமா? தோட்டம் கேட்டோமா? துளி வெளிச்சம் கேட்டோம்.

நகரத்துக் கோரிக்கைகளுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. அதிக வாக்கு விழுந்த பதிவு மேலே ஏறும். மேலே இருப்பதை மாநகராட்சி மாதாமாதம் எடுத்துப் படிக்கும். அண்ணி அதில் நம் முனையைப் பற்றி எழுதினார். நாம் வாக்குப் போட்டோம், நம் சித்தப்பா பெரியப்பாக்களைப் போட வைத்தோம். பதிவு அசையவில்லை. நமக்கு மேலே வாகன நிறுத்தம் கேட்கிறவர்கள், அவர்களுக்கும் மேலே நீரூற்று கேட்கிறவர்கள். அங்கே யார் யார் எப்படி ஏறினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சென்ற கூட்டத்தில் நம் தலைவர் ஐயா எழுந்து என்ன சொன்னார்? "எல்லாரும் ஏதோ பண்றாங்க. நாமளும் ஏதாவது பண்ணணும். எப்படின்னு என்னைக் கேக்காதீங்க." வாசிக்கிறீர்கள்தானே ஐயா? நன்றி.

அடுத்த வாரமே பதிவு மேலே இருந்தது. கிடுகிடுவென்று, மளமளவென்று, கண்ணை மூடித் திறப்பதற்குள் முதலிடம். நாம் என்ன செய்தோம்? கைதட்டினோம். இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். குழுவில் கட்டைவிரல் படங்களாக அனுப்பித் தள்ளினோம். எப்படி ஏறியது என்று ஒருவராவது கேட்டோமா? அண்ணியின் முகத்தை ஒருவராவது பார்த்தோமா? அன்று கைதட்டிய கைகள்தான், இன்று தீர்மானத்துக்கு உயரப் போகின்றன.

அவர் எங்கே போனார் என்று பிறகு என்னிடம் சொன்னார். கைப்பேசி உறை விற்கிற ஒரு கடை. அதன் பின்னால் ஓர் அறை. சுவர் முழுக்கக் கைப்பேசிகள், வரிசை வரிசையாக, ஒவ்வொன்றும் எரிந்துகொண்டு. சூடு தணிய இரண்டு மின்விசிறி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆள். பேர் உண்டு, படம் உண்டு, பிறந்தநாள் உண்டு, உயிர் மட்டும் இல்லை.

"இவங்கெல்லாம் யாருப்பா?" என்று அங்கே இருந்த தம்பியிடம் அண்ணி கேட்டிருக்கிறார்.

"எல்லாம் நம்மாளுங்கதான் அக்கா. நீங்க சொல்ற பக்கம் கை தூக்குவாங்க. சோறு தண்ணி கேக்க மாட்டாங்க."

கண்ணாடிக்கடையில் வாங்கும் தன் சம்பளத்தில் இருந்து கொடுத்தார். சங்கப் பணத்தைத் தொடவில்லை. வாக்கு வாங்கினால் கருத்து இலவசம் என்று அந்தத் தம்பி சொன்னதை அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கேதான் வினை.

அந்த இலவசக் கருத்துகளில் ஒன்று இப்படி வந்தது: "இதே முனையில் என் மகளும் அடிபட்டாள். இன்னும் கண் திறக்கவில்லை." எழுதியது யார்? சுவரில் தொங்குகிற ஏதோ ஒரு கைப்பேசி. ஆனால் அதன் கீழே வந்து எழுதியவர்கள் உயிருள்ளவர்கள். எந்த மருத்துவமனை, என்ன வயது, ரத்தம் வேண்டுமா, ராத்திரி துணைக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்தக் கடை அறையில் இருந்து ஒருவருக்கும் பதில் போகவில்லை. பொய்க்குப் பேசத் தெரியும், பதில் சொல்லத் தெரியாது.

பெரியோர்களே, தாய்மார்களே, இனி நான் சொல்வது கேள்விப்பட்டதில்லை. கண்ணால் கண்டது. மாலை நேரம். காப்பக வாசலில் குனிந்து என் பிள்ளைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி தன் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு பெண் வந்து நின்றார். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவராம். கையில் ஒரு துணி முயல், புதிது, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை.

"ஏம்மா, அடிபட்ட பாப்பா இங்க படிக்கிற பாப்பாதானே? இப்ப எப்படி இருக்கு?"

அண்ணியின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

சொல்லுங்கள், அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "பரவாயில்லைங்க, தேறி வருது" என்று ஒரு வார்த்தை. முயலை வாங்கிக்கொண்டு ஒரு புன்னகை. வந்தவர் போயிருப்பார், பதிவு மேலேயே இருந்திருக்கும், விளக்கும் வந்திருக்கும். நான் அதைத்தான் செய்திருப்பேன். பயந்தவள் நான். பிள்ளை தும்மினால் தெர்மாமீட்டர் தேடுகிறவள்.

அண்ணி சொன்னார்: "அப்படி ஒரு குழந்தையே இல்லைங்க."

"புரியலையே."

"காசு குடுத்து ஓட்டு வாங்கினேன். அதோட சேர்ந்து வந்த பொய் அது. வாங்கினது நான்தான்."

அந்தப் பெண் செருப்பு அடுக்குகிற பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கேட்டார்: "அப்ப எந்தப் பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகலையா?"

"ஆகலைங்க."

"அப்பாடா. நல்லதாப் போச்சு."

சபையோரே, அது பொய் என்று கேட்டு மகிழ்ந்த ஒரே ஜீவன் அவர்தான். மகிழ்ச்சி முடிந்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "என்னம்மா மனுஷங்க நீங்க? ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல. லீவு சொல்லிட்டு ரெண்டு பஸ் மாறி வந்தேன். என் புருஷன்கூட, போய்ப் பாத்துட்டு வா, இல்லேன்னா நீ புலம்பியே என்னைக் கொன்னுடுவேன்னு அனுப்பிவெச்சாரு." அண்ணி தலையைக் குனிந்து முழுவதையும் வாங்கிக்கொண்டார். கடைசியில் அந்தப் பெண் முயலை அண்ணியின் மகள் மடியில் வைத்தார். "நீ ஒண்ணும் பண்ணலடி, நீ வெச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே அண்ணி அந்தக் கடைத் தம்பிக்குப் பேசினார். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "டென்ஷன் ஆகாதீங்க அக்கா. நாளைக்கே பாப்பா டிஸ்சார்ஜ் ஆன மாதிரி ஒண்ணு போட்டுடறேன். இதுவும் ஃப்ரீதான்."

சிரிக்காதீர்கள். நம் தலைவர் சொன்ன யோசனையும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. "அந்த ஒரு கருத்தை மட்டும் எடுத்துடும்மா, மத்தது அப்படியே இருக்கட்டும்." நானும் அதையே கேட்டேன். "ஏன் அண்ணி, அதை அழிச்சுட்டா முடிஞ்சு போச்சே?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னதை நான் உங்கள் முன்னால் வைக்கிறேன். இதற்காகத்தான் தூக்கத்தைத் தள்ளிவைத்து எழுதுகிறேன்.

"இந்தம்மா தேடிட்டு வந்துட்டாங்க. வராம வீட்ல உக்காந்து கவலைப்படறவங்க எத்தனை பேரோ. அழிச்சுட்டா அவங்களுக்கு யாரு சொல்றது?"

பொய்யை அழித்துவிடலாம். கவலையை யார் அழிப்பது? எழுத்தை எடுத்துவிடலாம். எங்கோ ஒரு வீட்டில் முகமறியாத ஒரு தாய் முகமறியாத பிள்ளைக்காக விட்ட கண்ணீரை யார் எடுப்பது? மானம் போகும் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. பதவி போகும் என்று பதுங்கவில்லை. பதிவு சரியும் என்று பதறவில்லை. தன் பெயரும் தான் வேலை பார்க்கும் கடையின் பெயரும் போட்டு, எல்லோருடைய கண்ணிலும் படும்படி எழுதினார்: "இதில் விழுந்த வாக்குகளில் பெரும்பாலானவை நான் விலைக்கு வாங்கியவை. அடிபட்ட குழந்தை என்று யாரும் இல்லை. கவலைப்பட்டவர்கள் நிம்மதியாகத் தூங்குங்கள். அந்த முனை ஆபத்தானது என்பது மட்டும் உண்மை."

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பதிவை நீக்கினார்கள். அவர் கணக்கை முடக்கினார்கள். நம் சங்கத்தைக் கேலி செய்தார்கள். ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை, வாங்கியது தவறுதான். அவரே அதைச் சரி என்று சொல்லவில்லை. ஆனால் தவறு செய்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தன் தவறால் தூக்கம் கெட்டவர்களைத் தேடிப் போய்த் தூங்க வைத்தவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மறுநாளே அவர் கடைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு மாநகராட்சிப் பொறியாளரைப் போய்ப் பார்த்தார். கூட நானும் போனேன். பொறியாளர் மேசையில் இருந்து தலை தூக்காமலே கேட்டார்.

"ஓட்டு வாங்கினவங்க நீங்கதானா?"

"ஆமாங்க சார்."

"அதுல நிஜமான ஆள் எத்தனை பேரு?"

"காப்பகத்துப் பெத்தவங்க மட்டும்தான் சார். அப்புறம் எங்க சொந்தக்காரங்க கொஞ்சம்."

அவர் சிரித்துவிட்டார். "லைட்டு குடுக்கறேன்னு சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிள்ளைங்க கிளம்பற நேரத்துக்கு நானே வர்றேன். அந்த நிஜமான ஆளுங்க வந்து நில்லுங்க, பாக்கறேன்."

இவ்வளவுதான். வாக்குறுதி இல்லை. ஆனால் ஒரு மனிதர் வருகிறார். அவர் வரும்போது வாசலில் யார் நிற்பது? அண்ணியை நீக்கிவிட்டால், அவரிடம் முகம் கொடுத்துப் பேசியவர் இல்லாமல் போவார். அண்ணி மட்டும் தனியாக நின்றால், நிஜமான ஆட்கள் இல்லாமல் போவார்கள். சுவரில் தொங்கும் கைப்பேசிகள் வந்து நிற்காது. இடுப்பில் பிள்ளையோடு நிற்க இடுப்பு வேண்டும். கையைப் பிடித்துக் கடக்கக் கை வேண்டும். அந்தக் கைகளை எந்தக் கடையில் விற்கிறார்கள்? எந்த விலைக்குக் கிடைக்கும்? இந்த அரங்கில் இருக்கின்றன. இலவசமாக இருக்கின்றன. அவற்றைத்தான் தீர்மானத்துக்குத் தூக்காதீர்கள் என்று கேட்கிறேன். செவ்வாய்க்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன்.

இந்தப் பேச்சு அண்ணிக்குத் தெரியாது. "நீ வாயைத் திறக்காதே, வீட்டு மனுஷிக்குப் பரிஞ்சு பேசறேன்னு சொல்லுவாங்க" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இப்போது முன்வரிசையில் நிமிராமல் உட்கார்ந்திருப்பார். சொல்லிவிட்டேன் அண்ணி. திட்டுவதானால் வீட்டுக்கு வந்து திட்டுங்கள்.

என் குரலாக இருந்து வாசித்த தலைவர் ஐயாவுக்கும், இதுவரை இருக்கையை விட்டு எழாமல் கேட்ட பெரியோர்களுக்கும், மடியில் பிள்ளையைத் தட்டித் தூங்கவைத்தபடியே காது கொடுத்த தாய்மார்களுக்கும் நன்றி கூறி, வணங்கி முடித்துக்கொள்கிறேன்.

தீர்மானம் என்ன ஆனது, செவ்வாய்க்கிழமை யார் யார் வருகிறீர்கள் என்று தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.