சிவப்பு மணிக் குன்று

ஒருவருடைய பூட்ஸின் அடிப்பக்கத்தைப் பார்த்தாலே ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவேன். குன்றின் அடிவாரத்தில் இத்தனை வருடமாக நான் பார்த்தது அந்த வேலைதான். சம்பளம் கிடையாது. வருகிறவர்களின் பூட்ஸ் மண்ணைத் தேய்த்தெடுத்து, கிருமி சாக ஸ்பிரிட் தெளித்து மேலே அனுப்புவேன். வேரழுகல் நோய் ஈரமண்ணிலும் தண்ணீரிலும் கலந்து வரும். வந்தால் செடி பிழைக்காது. எங்கள் சிவப்பு மணிப்பூச்செடி இந்தக் குன்றைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அதைக் கண்டுபிடித்தவள் என் தோழி நோலீன். நாங்கள் இருவர் மட்டும் போய்ப் பார்த்துவந்தவரை ஒரு குறையும் இல்லை. பிறகு ஊரையே கூட்டிப்போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"வேணாம் நோலீன். நாசம் பண்ணிடுவாங்க."

"போப்பா டெஸ்மண்ட், சிடுமூஞ்சி. கண்ணால பாத்தாத்தான் ஜனங்களுக்குப் பாசம் வரும். பூட்டி வெச்சு என்ன பண்ணப்போற, கல்யாணமா?"

வந்தார்கள். அந்தப் பாசத்தையும் பார்த்தேன். ஒருத்தி மென்ற சூயிங்கத்தை இலையில் ஒட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். பூ உதிர்வது படத்தில் விழ வேண்டுமென்று ஒருவன் கிளையை உலுக்கினான். செடிக்குப் பின்னால் மலம். துடைத்த காகிதம் காற்றில் பறந்து பூக்களில் சிக்கியிருந்தது. வெறும் கையால் எடுத்தேன். எவ்வளவு சோப்பு போட்டும் அந்தக் கை என் கையாகத் தெரியவில்லை. அதன்பிறகு பூவைப் பார்த்தாலே அந்த நாற்றம்தான் வந்தது. அவர்கள் தொட்டதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தெற்கே ஓர் ஓடை இருக்கிறது. அதன் கரையில் பேங்க்ஸியா மரங்கள் எல்லாம் வேரழுகிச் செத்து நிற்கின்றன. அந்தத் தண்ணீரை வடிகட்டி பாட்டிலில் ஊற்றினால் பார்க்க ஸ்பிரிட் போலவே இருக்கும். பாட்டிலின் வெளிப்பக்கம் கொஞ்சம் ஸ்பிரிட் தடவிவிட்டால் வாசனைக்கும் குறையில்லை.

அந்த வசந்தகாலம் முழுக்க அதைத்தான் தெளித்தேன். குழந்தைகள்கூட மரியாதையாகக் காலைத் தூக்கிக் காட்டினார்கள். எல்லோரும் நன்றி சொன்னார்கள். முதல் ஆளாகக் காலை நீட்டுகிறவள் நோலீன்தான். "நல்லா அடிப்பா, இடுக்குலயும் அடி."

இப்போது குன்றில் ஒரு மணிப்பூச்செடியும் பச்சையாக இல்லை. தன் பூட்ஸில்தான் நோய் ஏறியிருக்கும் என்று நோலீன் சாப்பிடாமல் கிடக்கிறாள். "நான்தான் கொன்னுட்டேன் டெஸ்மண்ட்" என்று அழுகிறாள். நான் மறுக்கவில்லை. கூட்டிப்போனது அவள்தானே.

சந்தேகமிருந்தால் என் பூட்ஸைப் பரிசோதித்துப் பாருங்கள். அவற்றுக்கு மட்டும் அசல் ஸ்பிரிட்தான் தெளித்தேன். என் காலால் அந்தச் செடிக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை.