நான் சுவரைத்தான் தொட்டேன்

"ஹலோ... ஹலோ, எலக்ட்ரீஷியன் ராஜசேகரன் தம்பியா? நான்தான்ப்பா, பெர்மாஸ் ஜெயாவுல இருக்குற கிரகோரி... ஆமா ஆமா, அதே அண்ணன்தான்... எங்க இருக்க இப்ப?... அலமாக், ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கிட்டா இருக்க? சாப்பிடு, சாப்பிடு... கொஞ்சம் சீக்கிரமா சாப்பிடு லா."

நின்றுபோன மின்விசிறிக்குக் கீழே கிரகோரி வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். மனைவி செசிலியா சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தார்; பன்னிரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். மணி இப்போது பதினொன்று நாற்பது. சமையலறை ஐஸ்பெட்டியில், நாளைய திருவிழாவுக்காக அவர் மசாலா வைத்து மடித்து, பொரிக்காமல் உறையவைத்த முந்நூறு கறிபாப் கிடந்தன.

"கரண்ட் இல்லப்பா... இல்ல, ரோட்டுல எல்லாருக்கும் இருக்கு. என் வீட்டுல மட்டும்தான்... மெயின் சுவிட்ச் ட்ரிப் ஆகி விழுந்துடுச்சு, தூக்குனா நிக்க மாட்டேங்குது... மூணு தடவ... சரி, அஞ்சு தடவ... சத்தம் போடாத, இனிமே தூக்கல."

"வயரா? ஐயோ, வயர்ல நான் கையே வைக்கல! போன வருஷம் அயன்பாக்ஸ் பிளக்கு புகைஞ்சப்ப, இனிமே வயரைத் தொடக் கூடாதுன்னு உங்க அக்கா ஃபாதர் முன்னாடியே சத்தியம் வாங்குனாளே... நான் சுவரைத்தான் தொட்டேன்... சின்ன ஓட்டை... ட்ரில்லுலதான், பின்ன விரலாலயா போடுவாங்க?... ஹால்ல... டிவி பிளக்கு இருக்குல்ல, அதுக்கு மேல... நேர் மேல... என்னப்பா, ரொட்டி புரையேறிடுச்சா? தண்ணி குடி."

பிளக்குக்கு நேர் மேலே சுவருக்குள் வயர் ஓடும் என்பது கிரகோரிக்குத் தெரியாத விஷயமா? நன்றாகவே தெரியும். அதுதான் வெட்கக்கேடு.

"தெரியும், தெரியும்... டப்புன்னு ஒரு சத்தம், பொறி பறந்துச்சு... எனக்கு ஒண்ணும் ஆகல... ஆமா, மெயின் உடனே விழுந்ததால தப்பிச்சேன். பொய் சொல்ல மாட்டேன், உயிரே போயிடுச்சுப்பா ஒரு நிமிஷம்..."

"என்னத்த மாட்டப் போனேனா? ஒரு... படம்... சாமி படம் இல்ல... கல்யாண போட்டோவும் இல்ல... அது இப்ப ரொம்ப முக்கியமா?"

அந்தப் 'படம்' சோபாவில் சாய்ந்து கிடந்தது. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கும் கிரகோரியைப் போன வாரம் ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். தலைப்பு, வீட்டு மின்சாரப் பாதுகாப்பும் சிக்கனமும்; முடிவில் கொடுத்ததுதான் இந்தத் தங்க ஓரம் வைத்த சான்றிதழ். அன்று தொட்டு அந்த வீட்டில் நிம்மதி இல்லை. ஐஸ்பெட்டிக் கதவைத் திறந்தால் பத்து எண்ணுவதற்குள் சாத்த வேண்டும். ராத்திரியில் கைப்பேசிக்குச் சார்ஜ் கூடாது. செசிலியா வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொண்டிருந்தார்.

"சர்டிஃபிகேட்டு... சேஃப்டி சர்டிஃபிகேட்டு, போதுமா?... சிரிக்காத... யாரு அது பக்கத்துல சிரிக்கிறது? ஸ்பீக்கர்லயா போட்டுருக்க? கடை பூரா கேக்குதா? நல்லாருக்குப்பா, ரொம்ப நல்லாருக்கு."

"சீக்கிரம் சொல்லு, போன்ல மூணு பர்சன்ட்தான் இருக்கு... ராத்திரி போடல... ஆமா, நான் போட்ட சட்டம்தான்! வர்றியா மாட்டியா?... அப்பாடா, நீ நல்லா இருப்ப. வேன்ல வராத, பேர் எழுதியிருக்கு. மோட்டார் சைக்கிள்ல வா. யாராச்சும் கேட்டா கறிபாப் வாங்க வந்தேன்னு சொல்லு... உருகலன்னுதான் நினைக்கிறேன், நாலு தடவ திறந்து பாத்தேன்... தெரியும்! திறக்கக் கூடாது, தெரியும்! நீ வந்து வயரைச் சேத்து, ஓட்டையைப் பூசிடு. மேலேயே சர்டிஃபிகேட்டை மாட்டி மறைச்சுடலாம். அவளுக்குத் தெரியவே—"

வாசல் கிரில் திறந்தது. செசிலியா வந்து நின்றார். மின்விசிறியைப் பார்த்தார், ட்ரில்லைப் பார்த்தார், சுவரின் ஓட்டையைப் பார்த்தார், கடைசியாகச் சோபாவைப் பார்த்தார்.

"செசிலியா, ரோடு பூரா கரண்ட் போயிடுச்சும்மா... இல்ல தம்பி, உன்கிட்ட சொல்லலப்பா."

பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் அந்த நேரம் பார்த்துக் கடகடவென்று சுற்றியது. செசிலியா திட்டவில்லை. அருகில் வந்து, மெதுவாக, சிரித்த முகமாகவே ஏதோ சொன்னார்.

"தம்பி... அக்கா உன்னை வேன்லயே வரச் சொல்றா... வயரைச் சரி பண்ணணுமாம். ஓட்டையைப் பூச வேணாமாம், ஒரு வெள்ளை மூடி போட்டு விட்டா போதுமாம்... பக்கத்துலயே சர்டிஃபிகேட்டை மாட்டணுமாம். ரெண்டும் சேந்தாப்புல தெரியணுமாம்... நாளைக்கு ஃபாதர் வீட்டுக்குச் சாப்பிட வர்றாராம்... நீயாவது முடியாதுன்னு சொல்லுப்பா... ஹலோ? ராஜசேகரா? ஹலோ..."

கைப்பேசி அணைந்துவிட்டது. செசிலியா கைப்பையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்து நீட்டினார், பேச்சை முடித்துக்கொள்ளும்படி. அதில் தொண்ணூற்றெட்டு சதவிகிதம் இருந்தது. இந்த ஒரு வாரமும், கிரகோரி குறட்டை விடத் தொடங்கியதும் எழுந்து போய்ச் சார்ஜில் போட்டுவந்திருக்கிறார்.