படம் நின்றுவிட்டது

சனிக்கிழமை மதியம் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதச் சொன்னீர்கள். பின்னறையில் அப்பா. முன்னறையில் நான். என் ஹெட்போனுக்குள் நான்கு பேர். கேப்டன், மொட்டை, வாத்தியார், புயல். அவர்களை நான் நேரில் பார்த்ததில்லை. பின்னறைச் சுவரில் இருந்த கேமரா வழியாக அக்கா. அவள் உட்கார்ந்திருந்தது நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு மருந்துக்கடைக் கவுண்டரில். நடுவில் நான்கு நிமிடம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. மொத்தம் எட்டுப் பேர். "இத்தனை பேர் இருந்துமா" என்று கேட்டீர்கள். நெட் வழியாக இருப்பது எந்த அளவுக்கு இருப்பது என்று உங்களுக்குப் பழக்கமில்லை.

எங்கள் பக்கம் நெட் மெதுவாகத்தான் வரும். தெருமுனையில் கம்பம் சாய்ந்திருக்கிறது. லாரி போனால் கம்பி ஆடும், கம்பி ஆடினால் லைன் விக்கும். புகார் கொடுத்தால் லைன்மேன் வருவார், கம்பத்தை அண்ணாந்து பார்ப்பார், "ஊர்க்கடைசியில குடியிருந்தா இப்படித்தான்" என்பார். ஏதோ குற்றம் செய்து நாங்கள் ஊர்க்கடைசிக்குத் தள்ளப்பட்டதைப் போல.

முப்பத்தொரு வயதில் கேம் விளையாடுகிறேன் என்றதும் உங்கள் ஏட்டு சிரித்தார். பரவாயில்லை. ஐந்து பேர் ஓர் அணி, எதிரில் ஐந்து பேர். திரையின் மூலையில் ஓர் எண் ஓடும். நான் பட்டனை அழுத்தினால் அந்தச் சேதி எங்கோ இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போய்வர ஆகும் நேரம் அது. நூறுக்குள் இருந்தால் பச்சை. எங்கள் வீட்டில் ஐந்நூறு, அறுநூறு என்று சிவப்பிலேயே நிற்கும். நான் சுடும்போது எதிரி அந்த இடத்தை விட்டுப் போய் அரை நொடி ஆகியிருக்கும். இன்னும் மோசமானால், என் திரையில் நான் ஓடிக்கொண்டிருப்பேன், மற்றவர்கள் திரையில் அசையாமல் நிற்பேன். அதனால் எனக்குச் சிலை என்று பெயர்.

"சிலை வந்தாச்சு. காக்கா உக்காராம பாத்துக்கங்கடா" என்பான் மொட்டை.

"விடுடா. அவன் இல்லன்னா உன்னை யாருடா தூக்கிவிடுவா" என்பார் கேப்டன்.

அதுதான் என் வேலை, தூக்கிவிடுவது. நம் ஆள் குண்டடி பட்டு விழுந்தால் தொண்ணூறு நொடிக்குள் ஒருவர் பக்கத்தில் போய், ஒரு பட்டனை ஐந்து நொடி விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். எழுந்துவிடுவான். நடுவில் லைன் ஒருமுறை விக்கினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். விழுந்தவனை விட்டுவிட்டு நான் ஒருநாளும் போனதில்லை. கேப்டனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடம் விட்டேன். பிறகு குளிர்பதனக் கிடங்கில் இரவு ஷிப்ட், நான்கு வருடம். ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு போன்கூட வரவில்லை. மூன்றாம் நாள் என் ஜாக்கெட்டை வேறொருவன் போட்டுக்கொண்டு நின்றான். ஆனால் கேமில் நான் இரண்டு நிமிடம் தாமதித்தால் நான்கு குரல் "எங்கடா போன" என்று கேட்கும். காரணம் என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இது ஒரு காரணமாகத் தோன்றாமல் இருக்கலாம். என்னிடம் இருப்பது இதுதான்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. இடது கை மட்டும் நன்றாக இருந்தது. ஸ்டீல் டம்ளரால் கட்டில் கம்பியில் தட்டுவார். எல்லாம் விசில் கணக்குதான். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இங்கே வா. இரண்டு தட்டு என்றால் சரி, போகலாம். சாப்பாடு ஊட்டி, வாய் துடைத்து, தலையணையை நிமிர்த்தி வைத்தால் டக்டக் என்று இரண்டு தட்டுவார். அதற்குப் பிறகுதான் நான் அறையை விட்டு வருவேன். இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை; பாத்ரூமுக்கு மட்டும் இடுப்பில் பெல்ட் போட்டுத் தாங்கிக் கூட்டிப்போவேன். முதுகில் ஒரு புண் கிடையாது. டாக்டரே அதை எழுதியிருக்கிறார்.

கேமரா அக்கா வாங்கி மாட்டியது. "உன்மேல நம்பிக்கை இல்லாம இல்லடா. எனக்குத்தான் பாக்காம இருப்புக் கொள்ளல" என்றாள். இரண்டு மாத்திரை அட்டைகளுக்கு நடுவில் போனை நிறுத்திவைத்து நாள் முழுக்க அப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் கேமரா இருக்கிற லைனில் முக்கால்வாசியைக் குடித்துவிடும். அதை அவளிடம் சொல்லவில்லை. அப்பாவா கேமா என்று கேட்பாள். கேள்வியே தப்பு என்று எனக்குத் தோன்றும்.

ஒரு மழை நாளில் அக்கா அலறியடித்துக்கொண்டு போன் செய்தாள்.

"டேய், அப்பா அரைமணி நேரமா அசையலடா! கை தூக்கினது தூக்கினபடியே நிக்குது!"

ஓடினேன். அப்பா பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். சுவரோரம் கேமராவின் விளக்கு மினுக் மினுக் என்றிருந்தது.

"படம் நின்னுடுச்சுக்கா" என்றேன். "ஆளு நல்லாத்தான் இருக்காரு."

அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். நான் திரும்பி வந்து பார்த்தபோது மூலையில் எண்பத்தாறு என்று பச்சையில் இருந்தது. என் வாழ்க்கையில் அந்த நிறத்தை அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு செய்ததில் திறமை ஒன்றும் இல்லை. கேமராவை அணைத்தால் அவள் போனில் காட்டிவிடும். அதனால் அணைக்கவில்லை; லைனில் அதன் பங்கைக் குறைத்துவைத்தேன். நான் விளையாடும் நேரங்களில் மட்டும், நான்கைந்து நிமிடத்துக்கு ஒரு படம் போகும். முதலில் அவள் ஒவ்வொரு முறையும் போன் செய்தாள். ஒவ்வொரு முறையும் நான் போய்ப் பார்த்து, படம்தான் நின்றிருக்கிறது என்றேன். மூன்று மாதத்தில் அது வீட்டுப் பேச்சாகிவிட்டது. மாமா சோபாவில் பேப்பரை மூடிக்கொண்டு கிடந்தால், "எங்க வீட்டுக்காரர் படமும் நின்னுடுச்சு" என்பாள். தையல்காரம்மாவரை இந்தக் கேலி போயிருந்தது. அப்பா அசையாமல் இருப்பதைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க அக்கா பழகிவிட்டாள். பழக்கியவன் நான். அதில் கெட்ட எண்ணம் இல்லை. அவளும் நிம்மதியாக வியாபாரத்தைப் பார்த்தாள்.

சனிக்கிழமை மூன்று சுற்றுப் போட்டி. இரண்டு ஜெயித்தால் மேல் பிரிவு. வெள்ளிக்கிழமையே கேப்டன் சொல்லிவிட்டார்.

"சிலை, நாளைக்கு லைன் விக்குச்சுன்னா வேற ஆளத்தான் போடணும். மனசுல வச்சுக்காத."

ஒரு மணிக்கு அப்பாவுக்கு ஊட்டினேன். துணி மாற்றினேன். இரண்டு தட்டினார். இரண்டே காலுக்கு ஆரம்பித்தோம். எண் எண்பத்து நான்கு.

இரண்டு முப்பது வாக்கில் ஒரு சத்தம் கேட்டது. அது கேமுக்குள் கேட்ட சத்தம் என்று நினைத்ததாக முதல் வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். கேமில் கேட்பது காதில் கேட்கும். இது தரை வழியாக உள்ளங்காலில் கேட்டது.

ஐந்து நிமிடத்தில் அக்கா.

"கட்டில் காலியா இருக்கேடா?"

"பாத்ரூம் கூட்டிட்டுப் போயிருக்கேன்கா. படம் அதுல நின்னுடுச்சு."

"அப்ப நீ அவர்கூட இல்லாம போன்ல என்ன பண்ற?"

"வெளிய நிக்கிறேன். உள்ள நின்னா அவருக்கு வராதுக்கா."

சிரித்தாள். வைத்துவிட்டாள்.

முதல் சுற்றைத் தோற்றோம். ஐந்து நிமிட இடைவேளை. பின்னறைக்குப் போனேன். இதையும் நான் முன்பு சொல்லவில்லை.

மெத்தை சரிந்திருந்தது. அப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இறங்கிப்போயிருந்தார். தோள் சுவரில் செருகி, தாடை நெஞ்சில் அழுந்தி, மூச்சு சிறியதாக, சத்தத்தோடு வந்துகொண்டிருந்தது. கண்ணை மேலே உயர்த்தி என்னைப் பார்த்தார். இடது கையில் டம்ளர் இருந்தது.

நான் யோசிக்காமல் எதையும் செய்யவில்லை. அவரை எடுக்க வேண்டுமானால் கட்டிலை இழுக்க வேண்டும், இடுப்பில் பெல்ட் போட வேண்டும், தனி ஆளாகத் தூக்க வேண்டும். கால் மணி நேர வேலை. என்னிடம் நான்கு நிமிடம் இருந்தது. பாதித் தூக்கலில் விட்டுவிட்டு வருவது அவருக்குத்தான் ஆபத்து. முழுசாகச் செய்ய முடியாத வேலையைத் தொடாமல் இருப்பது நல்லது என்பது இன்றைக்கும் என் எண்ணம்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்கப்பா. ரெண்டே ரவுண்டு" என்றேன்.

டம்ளரால் ஒரு தட்டு தட்டினார். நான் அறை வாசற்படியிலேயே நின்றேன். பிறகு இன்னொன்று தட்டினார்.

இரண்டு தட்டு என்றால் போகலாம். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம் அதிகம்தான். ஆனால் லைன் மெதுவாக இருந்தால் எல்லாமே இடைவெளி விட்டுத்தான் வரும். அதை நான் பத்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் அனுமதித்தார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது சுற்றில் புயல் விழுந்தான், வாத்தியார் விழுந்தார், புயல் மறுபடி விழுந்தான். மூன்று முறையும் தூக்கிவிட்டேன். ஐந்து நொடியில் ஒருமுறைகூட லைன் விக்கவில்லை. "சிலைக்கு உயிர் வந்துடுச்சுடா" என்று மொட்டை கத்தினான். அந்த நேரத்தில்தான் அக்கா மறுபடி போன் செய்தாள்.

"இன்னும் காலியாத்தான் இருக்கு."

"படம் நின்னுடுச்சுன்னு சொன்னேனேக்கா."

"இல்லடா. சுவத்துல கடிகாரம் ஓடியிருக்கு. அப்ப ரெண்டு முப்பத்தஞ்சு, இப்ப ரெண்டு அம்பது. படம் நின்னா கடிகாரமும்தானே நிக்கணும்?"

அக்கா புத்திசாலி. கேமரா எப்படி வேலை செய்கிறது என்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரியாது; அது எனக்குத் தெரியும் என்று நம்பினாள்.

"லைன் கம்மியா இருந்தா, எது அசையுதோ அதை மட்டும்தான்கா கேமரா புதுசா அனுப்பும். முள்ளு அசையுது, அது வருது. மத்ததெல்லாம் பழைய படம்."

"அப்ப அப்பா அசையலையா?" என்றாள்.

"தூங்குறாருக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டாவது சுற்றை ஜெயித்தோம். மூன்றாவதையும் ஜெயித்தோம். மூன்று இருபத்தைந்துக்கு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்கள் காகிதத்தில் இருக்கிறது. சுமார் நாற்பது நிமிடம் உயிர் இருந்திருக்கும் என்கிறார் டாக்டர். கட்டிலை நகர்த்தியிருக்க வேண்டியதே இல்லை, தாடையை நிமிர்த்திப் பிடித்திருந்தாலே மூச்சு ஓடியிருக்கும், ஐந்து நொடி வேலை என்கிறார். எனக்கு யாரும் அப்படிச் சொல்லித் தந்ததில்லை.

அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "கடைசியா நான் பாத்தது எந்த நேரத்துப் படம்டா?" கடிகாரத்தைப் பார்த்தால் அவளுக்கே தெரியும்.

தையல்காரம்மா வந்த நான்கு நிமிடத்தைப் பற்றி இரண்டு தடவை கேட்டீர்கள். ஞாபகமில்லை என்றேன். ஞாபகம் இருக்கிறது.

இரண்டாவது சுற்று முடிந்த இடைவேளை. கதவு திறந்துதான் இருந்தது. கழுத்தில் இஞ்ச் டேப், புடவையெல்லாம் நூல் பிசிறு, அப்படியே எழுந்து வந்திருந்தார்.

"உங்கக்கா போன் மேல போன் போடறா தம்பி. ஊசியில நூல் கோக்க விடமாட்டேங்கறா. அப்பா எங்க?"

"தூங்குறார் அத்தை."

"கட்டில்ல ஆளக் காணோம்னு அழுவறாளே?"

"படம் நின்னுடுச்சு அத்தை."

"அதானே பாத்தேன். உங்க வீட்டுல எப்பவும் இதே கூத்து." சிரித்தார். பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டார். "உள்ள என்ன, டக்குனு ஒரு சத்தம்?"

"ஹெட்போன் அத்தை. கேம் ஓடுது."

ஹெட்போன் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். பின்னறைப் பக்கம் இரண்டு அடி வைத்தார்.

"ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டுப் போயிடறேன். அவகிட்ட கண்ணால பாத்தேன்னு சொல்லணும்ல."

"வேணாம் அத்தை. துணி மாத்திக்கிட்டிருக்கேன். பாதியில இருக்காரு. நீங்க பாத்துட்டா ரெண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டாரு."

தூங்குகிறார் என்று ஒரு நிமிடத்துக்கு முன் சொன்னவன் நான். அதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. அப்பாவின் மானத்தை நினைத்ததும் கால் நின்றுவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஐயோ, எனக்கென்ன தெரியும். நீ போய்ப் பாரு சாமி." என் தோளைத் தட்டினார். "நல்ல புள்ளடா நீ. பொண்டாட்டிகூட இப்படிப் பாக்க மாட்டா."

உள்ளே அப்பா அவர் குரலைக் கேட்டிருக்க வேண்டும். டம்ளர் இப்போது கணக்கெல்லாம் இல்லாமல், மெல்ல, வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா போனை எடுத்து, "நல்லாத்தான் இருக்காருடி, நான் பாத்துட்டேன், பேசாம வேலையப் பாரு" என்று அக்காவிடம் சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினார். என் மேல் இருந்த நம்பிக்கையில் சொன்ன பொய் அது. அவரை இதில் சேர்க்காதீர்கள்.

ஹெட்போனுக்குள் கேப்டன் கூப்பிட்டார். "சிலை, இருக்கியா?"

"இருக்கேன்" என்றேன்.

அப்பாவுக்கு உயிர் இருந்தது எனக்குத் தெரியும். கதவு திறந்தே கிடந்தால் அந்தச் சத்தம் படிவரை கேட்கும், அவர் திரும்பி வருவார் என்பதும் தெரியும். தையல்காரம்மா இரண்டாவது படியில் கால் வைத்தார். அவர் முதுகுக்குப் பின்னால் வாசல் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பிப் பூட்டினேன்.