ட்ரெகெட்டியில் இறங்கியவர்

இரவு ஒன்பது மணி இருக்கும். நம்போவாலு துறையில் கப்பலை விட்டு இறங்கி லம்பாசாவுக்கு வருகிற சாலை. உங்களுக்குத் தெரியாததா… மைல் கணக்கில் ஒரு வீட்டு விளக்கு கண்ணில் படாது. இரண்டு பக்கமும் பைன் மரம். மழை பெய்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. சூடு ஆறாத தாரிலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

அந்தச் சாலையில் ஒரே ஒரு வண்டி.

சிரட்டையைக் கீழே வை, தம்பி வைசாலே. யங்கோனாச் சாறு கலக்கியது போதும். இது குடித்துக்கொண்டே கேட்கிற கதை இல்லை.

வண்டியை ஓட்டியவன் என் சிநேகிதன் தர்மேன். அவன் பொய் சொல்லாதவன் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கரும்பு எடை விஷயத்தில் சொல்வான். ஆனால் இதைச் சொல்லும்போது அவன் உதடு நடுங்கியது. எனக்கு அது போதும்.

முன்சீட்டில் அவன் மாமி, தன்மதி. களைத்துப்போய்த் தூங்கிவிட்டாள். பின்சீட்டில் மாமா, அப்பல்சாமி. நம் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டிய அதே அப்பல்சாமிதான். அந்தக் குரல் ஞாபகம் இருக்கிறதா? இங்கே கத்தினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாய் குரைக்கும். அந்த மனிதர் அன்றைக்கு ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குழந்தை மாதிரிச் சுருண்டு உட்கார்ந்திருந்தார். கடல் தாண்டி, சுவா பெரிய ஆஸ்பத்திரியில் பைபாஸ் ஆபரேஷன். நெஞ்செலும்பை நெடுக அறுத்துத் திறந்து, காலிலிருந்து ரத்தக்குழாயை உருவி இதயத்தில் வைத்துத் தைத்து, எலும்பை எஃகுக் கம்பியால் கட்டி அனுப்பியிருந்தார்கள். சாலையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தலையணையை இறுக்கிக்கொள்வார். "அம்மா…" என்பார். அவ்வளவுதான் சத்தம்.

திடீரென்று கூப்பிட்டார்.

"தர்மேன்."

"என்ன மாமா?"

"அந்த ஏசியைக் கொஞ்சம் கொறைடா. இவருக்குக் குளிருதாம்."

தர்மேன் கண்ணாடியில் பார்த்தான். பின்சீட்டில் மாமா மட்டும்தான். ஆனால்… அவர் நடுவில் உட்காரவில்லை. கதவோடு ஒட்டி, உடம்பைக் குறுக்கி, மீதிச் சீட்டைக் காலியாக விட்டிருந்தார். இன்னொருவருக்கு இடம் கொடுத்த மாதிரி.

"யாருக்கு மாமா?"

"இனோக்கேக்கு."

தர்மேனுக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

இனோக்கே ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு அடுத்த கட்டில். ட்ரெகெட்டிக்காரர், நம் வைசாலே மாதிரி இந்தத் தீவின் பூர்வகுடி ஆள், நம் பேச்சும் நன்றாகப் பேசுவார். பாலத்துக்குப் பக்கத்தில் வீடு. அவருக்கும் அதே வாரம், அதே ஆபரேஷன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கிண்டல் அடித்துப் பயத்தை விரட்டிக்கொண்டிருந்தார்கள். "ஓய் அப்பல்சாமி, உன் நெஞ்சைத் தொறந்தா உள்ள கரும்புச் சக்கைதான் இருக்கும்" என்றாராம் இனோக்கே. "உன்னோடதுல மரவள்ளிக் கெழங்கு இருக்கும் போடா" என்று மாமா. கடைசியில் கையில் அடித்து ஒரு பேச்சு. யார் முதலில் எழுந்து நடக்கிறாரோ, அவர் மற்றவரை வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். ஒரே வழிதானே.

மாமா எழுந்தார். இனோக்கே கண்ணே திறக்கவில்லை.

அந்த வாரம் புயல். கப்பல் ஓடவில்லை. இனோக்கேயின் மனைவி மெரேசேனியால் இங்கிருந்து போகமுடியவில்லை. சொந்தக்காரர்கள் சுவாவிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். மாமாவிடம் யாரும் சொல்லவில்லை. மனசு அதிர்ச்சி தாங்காது, வேறு வார்டுக்கு மாற்றிவிட்டதாகச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இப்போது மாமா சொல்கிறார், இனோக்கேக்குக் குளிருகிறது என்று.

தர்மேன் ஏசியை அணைத்தான். வண்டிக்குள் ஒரு வாசனை… ஆஸ்பத்திரி மருந்தும், ஈரமண்ணும் கலந்து. ட்ரெகெட்டிப் பாலம் வந்தது. பாலத்தைத் தாண்டி பஸ் நிற்கிற கொட்டகை.

"நிறுத்துடா. அவரு எறங்கணும்."

தர்மேன் நிறுத்தவில்லை.

"டேய், நிறுத்துடா! அவரு வீடு போவுது!"

தர்மேன் மிதித்தான். கொட்டகை பின்னால் போனது. மாமா திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பக்கத்துக் காலிச் சீட்டைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார். "சின்னப் பையன்… பயந்துட்டான். கோவிச்சுக்காதே. எங்க வீட்டுக்கு வா."

"வா" என்று சொல்லிவிட்டார். அதுதான் தப்பு.

வீட்டுக்கு வந்தும் மாமா தேறவில்லை. முதலில் கால். குழாய் எடுத்த காயம் மூடாமல் மஞ்சள் நீர் கசிந்தது. பிறகு நுரையீரலில் தண்ணீர். ஊசி போட்டு எடுத்தார்கள், மறுபடி சேர்ந்தது. படுத்தால் மூச்சு முட்டும். அதனால் இரவெல்லாம் சாய்வு நாற்காலியில்தான். இதயம் நினைத்தபோது தறிகெட்டு ஓடும். வாயில் எது வைத்தாலும் இரும்புச் சுவை. ரேடியோவில் பஜனை கேட்டால் அழுவார். மாமி தேநீரை லேட்டாகக் கொடுத்தால் கோப்பையை வீசுவார். பிறகு அதற்கும் அழுவார்.

எல்லாவற்றுக்கும் மேல், அந்தச் சத்தம். நெஞ்செலும்பு ஒட்டவில்லை. அவர் திரும்பினால்… டக். இருமினால்… டக். உள்ளே யாரோ தாழ்ப்பாள் போட்டுத் திறப்பது போல.

டாக்டரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. சர்க்கரை இருக்கிற உடம்பு, மெதுவாகத்தான் ஆறும். அழுகையும் கோபமும் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு நிறைய பேருக்கு வருவதுதான். "பொறுமையா இருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் திரும்பி வந்துருவார்" என்றார். மாமி தலையாட்டிவிட்டு வந்தாள்.

மாமி பயந்த சுபாவம் இல்லை. ஆற்று வெள்ளத்தில் மாட்டைப் பிடித்து இழுத்து வந்தவள். அவளே பயந்த நாள் ஒன்று வந்தது.

பக்கத்து அறையில் படுத்திருந்தாள். மாமா இருமினார். பழகின இருமல், பின்னாலேயே அந்த டக். அவள் கண்ணை மூடினாள். இன்னொரு இருமல் கேட்டது. கனமாக. அடித்தொண்டையிலிருந்து. பின்னாலேயே… டக்.

எழுந்து போய்ப் பார்த்தாள். நாற்காலியில் மாமா மட்டும். கண் மூடியிருந்தது. வாய் மூடியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த இரண்டாவது இருமல் மறுபடி வந்தது. மாமாவின் உதடு அசையவில்லை.

"யாரது?" என்றாள்.

கேட்டது மாமாவின் மூச்சு மட்டும். உள்ளே போன மூச்சு வெளியே வருவதற்குள், இன்னொரு மூச்சு உள்ளே போனது.

வண்டியில் நடந்ததைத் தர்மேன் முன்பே அவளிடம் சொல்லியிருந்தான்; விடிந்ததும் மாமாவின் போனை எடுத்தாள். இனோக்கே ஆஸ்பத்திரியில் தன் வீட்டு நம்பரை அதில் போட்டுக் கொடுத்திருந்தார். தன் போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தாள், மெரேசேனி எடுத்தாள். மாமி எல்லாவற்றையும் சொன்னாள். வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னாள். மெரேசேனி சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியும்க்கா. அவரு வழியில இருக்காருன்னு எனக்குத் தோணிட்டே இருந்துச்சு. கூட்டிட்டு வாங்க. கதவைத் தொறந்து வெச்சிருக்கேன்."

மறுநாள் தர்மேன் வண்டி எடுத்தான். வெளிச்சம் இருக்கும்போதே போய்விடலாம் என்றுதான் கிளம்பினார்கள். வழியில் சேயங்கங்காவில் டயர் பஞ்சர். ட்ரெகெட்டி போய்ச் சேரும்போது சூரியன் விழுந்துவிட்டது. பாலத்தடியில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. கொட்டகை முன்னால் வண்டியை நிறுத்தி, தர்மேன் பின்கதவைத் திறந்தான்.

தவளைச் சத்தம் நின்றுபோனது.

மாமி பின்சீட்டில் மாமா பக்கத்தில்தான் இருந்தாள். காலி இடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "ஐயா, உங்க ஊரு வந்தாச்சு. எறங்குங்க."

யாரும் இறங்கவில்லை. மாமா கண்ணைத் திறந்தார். திறந்திருந்த கதவைப் பார்த்தார். வெளியே இருட்டைப் பார்த்தார். முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். நான் எறங்க மாட்டேன்."

தர்மேன் சொல்கிறான், அந்தக் குரல் சின்னதாக, கிழிந்து போயிருந்ததாம்.

"எறங்குய்யா" என்றாள் மாமி. "உன் பொண்டாட்டி கதவைத் தொறந்து வெச்சிட்டுக் காத்திருக்கா. என் புருஷனை விட்டுரு. அவரு உனக்கு என்ன கெடுதல் செஞ்சாரு?"

"தன்மதி… நான்தான்… வேணாம்…"

"என் பேரைச் சொல்லாதே! எறங்கு!"

அவர் அழுதார். மாமி அந்த விரல்களைச் சீட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரல் கடைசியாக விட்டது.

டக்.

வண்டி லேசாக மேலே எழும்பியது. ஓர் ஆள் இறங்கினால் எழும்புமே, அப்படி. பிறகு ஜல்லிக் கல்லில் காலடி. நாலு எட்டு… நிற்கும். மூச்சு வாங்கும். மறுபடி நாலு எட்டு. நெஞ்சைப் பிளந்து தைத்தவர்கள் அப்படித்தான் நடப்பார்கள். வீட்டுப் பக்கமாகப் போனது. ஒரு முறை நின்று… திரும்பி வந்தது. வண்டிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. மாமி கதவை அறைந்து சாத்தினாள்.

"ஓட்டுடா!"

ஓட்டினான். கொஞ்ச தூரம் போனதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். சீட்டின் நடுவில் நகர்ந்து வந்து, காலை நன்றாக நீட்டிக்கொண்டார். "அப்பாடா" என்றார். பள்ளத்தில் வண்டி குதித்தது. அவர் நெஞ்சைப் பிடிக்கவில்லை.

அன்றிரவே மல்லாந்து படுத்துத் தூங்கினார். கால் காயம் காய்ந்து பொருக்குத் தட்டியது. தண்ணீர் சேருவது நின்றது. எலும்பு ஒட்டிவிட்டது, சத்தமே இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை மேலும் கீழும் பார்த்து, "நான்தான் சொன்னேனே" என்றார். மாமா வாசல் வரை நடந்தார், பிறகு ஆலை வேலி வரை நடந்தார். கோபம் போனது. அழுகை போனது. சத்தம் போட்டுப் பேசுவதுகூடப் போய்விட்டது. மெதுவாக, மரியாதையாகப் பேசினார். மாமி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தாள். பார்க்கிறவர்களிடமெல்லாம், "எனக்கு என் புருஷன் திரும்பக் கெடைச்சுட்டாரு" என்றாள்.

இல்லை, கதை முடியவில்லை. யாரும் எழுந்திருக்காதீர்கள்.

ஒரு நாள் சாயங்காலம், இருட்டுகிற நேரம். மாமா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மீன்குழம்பை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமி பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் போன் அடித்தது. மெரேசேனி.

மாமிக்குச் சந்தோஷம். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

"சொல்லு தங்கச்சி. வந்து சேர்ந்தாரா?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அக்கா… இனோக்கே வரலக்கா."

"என்னது?"

"வந்தது வேற யாரோ. நீங்க வந்துட்டுப் போன அன்னையிலிருந்து, பொழுது சாஞ்சா எங்க வாசல்ல வந்து நிக்கிறாரு. ஆள் தெரியல. சத்தம் மட்டும்தான். எங்க பாஷை பேசல, உங்க ஆளுங்க பேசுற பேச்சு. நான் கதவைச் சாத்திட்டேன்க்கா. பிள்ளைங்க பயப்படுதுங்க."

"என்ன… என்ன பேசுறாரு?"

"அழுவுறாருக்கா. 'தன்மதி, கதவைத் தொற. தையல் வலிக்குது. என்னைய ஏன் எறக்கிவிட்டே'ன்னு."

மாமி போனைக் காதிலிருந்து எடுத்தாள். எவ்வளவு நேரம் அப்படியே நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"யாரு தன்மதி, போன்ல?"

"தப்பு நம்பர்" என்றாள். திரும்பவில்லை.

தண்ணீர் நின்றது. துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே அவர் பக்கத்தில் வந்தார். மெதுவாக, மரியாதையாகச் சொன்னார்.

"அவ மறுபடி கூப்பிட்டா எடுக்காதே."